சாய்ந்த கோபுரத்தில் நான் எழுதாத பேர்

நைனா,

பாஸ்போர்ட் தொலையவில்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உன் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், பிரியாணியில் உப்பு கம்மி என்று யார் முணுமுணுத்தார்கள் என்று நாலு பக்கம் எழுதிவிட்டு, சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா? பீரோவின் நடுத்தட்டில், என் கூறைப்புடவைக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் அது பத்திரமாக இருக்கிறது. போன வியாழக்கிழமை நீ பெங்களூரிலிருந்து போன் செய்து, "அம்மா, உனக்குப் புது பாஸ்போர்ட் எடுக்கணும்னா பழசு வேணுமாம், எங்க வெச்சிருக்க?" என்று கேட்டபோது அந்தப் பீரோவுக்கு மூன்றடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். "அது எங்கியோ தொலைஞ்சு போச்சுடா" என்றேன். நீ கொஞ்சம்கூடச் சந்தேகப்படவில்லை. "பரவால்லம்மா, ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளைன்ட் குடுத்தா போதும். அடுத்த வாரம் சனிக்கிழமை வர்றேன், நானே எழுதிக் குடுத்துடறேன். நீ எதுக்குப் பேஜாராவுற?" என்று என்னையே தேற்றினாய். போனை வைத்ததும் உங்கப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "இன்னா, இப்ப போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய்டுச்சா?" என்று கேட்டார்.

அந்த மனுஷனுக்கு எல்லாம் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது "பையன்கிட்ட சொல்லிடு" என்பார். நான் எரிந்து விழுவேன். அவர் டீக்கடைக்குப் போய்விடுவார். ப்ளேன் என்றாலே அவருக்குக் கை காலெல்லாம் உதறும் என்பதால்தான் நீ இத்தாலிக்கு மூன்று டிக்கெட்டோடு நிறுத்திக்கொண்டாய். உனக்கு, ரேவதிக்கு, எனக்கு. "நீ ஏறின கோபுரத்துல உன் கையப் புடிச்சிக்கினு நானும் ஏறணும்மா" என்று கல்யாண மண்டபத்தில் எல்லார் முன்னாலும் சொன்னாய். ரேவதியின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை நீ தனியாகப் படித்து மடித்து வைத்துக்கொள்ளாதே. ரேவதிக்கும் அவள் வீட்டாருக்கும் படித்துக் காட்டு. ஊரே கேட்கும்படி நான் சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் வந்து திருத்தினால் அது என்ன நியாயம்?

நான் இத்தாலிக்குப் போகவில்லை. சாய்ந்த கோபுரத்தில் ஏறவில்லை. அந்தப் பதினோரு நாளும் நான் சென்னையில், பெரியமேட்டில், ஒரு தோல் குடோனின் மாடியறையில் இருந்தேன்.

உனக்கு அப்போது ஆறு வயசு. ஷூ ஃபாக்டரியில் கைத்தையல் பிரிவில் இருந்தேன். ஷூவின் முன்பக்கத்தில் மடிப்பு மடிப்பாக வரும் தையலை மிஷினில் போட முடியாது, ஊசியை வைத்துக் கையால்தான் இழுக்க வேண்டும். என் தையல் ஒரே அளவாக வரும். இத்தாலியில் நடக்கும் கண்காட்சியில் வியாபாரிகளின் முன்னால் உட்கார்ந்து தைத்துக் காட்ட இரண்டு பெண்களை அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். ஆம்பூரிலிருந்து நான், வாணியம்பாடி யூனிட்டிலிருந்து ஷமீம். அவசரமாகப் பாஸ்போர்ட் எடுத்தார்கள். நம் தெருவிலிருந்து அதுவரை யாரும் ப்ளேனைக் கிட்டத்தில்கூடப் பார்த்ததில்லை. என் லைனில் இருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து எனக்கு ஒரு மெரூன் கலர் ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தார்கள். உன் அத்தை, என்னை ஒருநாளும் மதித்துப் பேசாத என் நாத்தனார், பழத்தட்டோடு ரயில்வே ஸ்டேஷனுக்கே வந்து, "எங்கண்ணி ப்ளேன்ல போவுது" என்று டிக்கெட் கவுன்டரில் இருந்தவரிடம்கூடச் சொன்னாள். கழுத்தில் மாலை போட்டு ரயிலேற்றினார்கள். கட்சித் தலைவருக்குப் போடுகிற மாதிரி பெரிய மாலை! நீ உங்கப்பா தோள்மேல் உட்கார்ந்து இரண்டு கையையும் ஆட்டினாய்.

பெரியமேடு ஆபீசில் மேனேஜர் என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. "விசா ஒருத்தருக்குத்தாம்மா வந்திருக்கு. ஷமீமுக்கு. உனக்கு ஏன் வரலன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அன்று சாயங்கால ரயிலுக்கே நான் திரும்பி வந்திருக்கலாம். ஆனால் என் பையில் அந்த மாலை இருந்தது, நைனா. இன்னும் வாடக்கூட இல்லை. காலையில் போட்டுக்கொண்டு போன மாலையோடு ராத்திரியே போய் இறங்கி, உன் அத்தை முகத்தில் எப்படி முழிப்பேன்? "சார், அவங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் இங்கயே இருந்துக்கறேன், சாம்பிள் தைச்சுக் குடுக்கறேன், ஊர்ல யாருக்கும் சொல்லாதீங்க" என்று கெஞ்சினேன். பாவம், அவர் இரக்கப்பட்டார். குடோன் மாடியில் சாம்பிள் தோல் அடுக்கி வைத்திருந்த அறையில் ஒரு பாய் போட்டுக் கொடுத்தார்.

அந்த அறையில் ஒரு காலண்டர் தொங்கியது. தோலுக்குச் சாயமும் கெமிக்கலும் விற்கிற ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி கொடுத்தது. மாதத்துக்கு ஒரு கட்டடம். சாய்ந்துகொண்டு நிற்கிற வெள்ளைக் கோபுரம். ரோஸ் நிறப் பாறையையே முகப்பாகச் செதுக்கிய அரண்மனை. மிட்டாய்க்கடை போலப் பச்சையும் மஞ்சளுமாகச் சுழித்த வெங்காயக் கூரைகள் உள்ள மாதாகோயில். கரையான் புற்று மாதிரி கூம்பாக நிற்கும் பாறைகளுக்குள் கதவும் ஜன்னலும் வைத்து ஜனங்கள் குடியிருந்த ஊர். தரையிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து, மேலிருந்து பார்த்தால் சிலுவையாகத் தெரிகிற கோயில். பகலெல்லாம் தைப்பேன், கண் வலித்தால் ஒரு மாதத்தைப் புரட்டுவேன். கீழே இங்கிலீஷில் எழுதியிருந்ததைக் கணக்குப் பிள்ளை படித்துச் சொல்வார். பதினோரு நாளில் பன்னிரண்டு மாதமும் எனக்கு மனப்பாடம். கிளம்பும்போது அந்தக் காலண்டரைக் கேட்டு வாங்கிச் சுருட்டிக்கொண்டேன்.

ஷமீம் திரும்பி வந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். சாய்ந்த கோபுரம் போட்ட ஒரு போஸ்ட் கார்டு, ஒரு சாவிக்கொத்து, கை நிறைய சாக்லேட், எல்லாவற்றையும் என் மடியில் கொட்டினாள். "வெச்சிக்கோக்கா. போய்ட்டு வந்ததாவே சொல்லு. யாரு போயி பாக்கப் போறாங்க?" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் சொன்னாள், பொய் சொன்ன வாய் என்னுடையது. ஆம்பூரில் இறங்கியபோதுகூட நான் முடிவு செய்திருக்கவில்லை. நீ ஓடி வந்து என் புடவையைப் பிடித்து, "அம்மா, ப்ளேன்ல ஜன்னல் தொறக்குமா?" என்று கேட்டாய். "தொறக்காதுடா" என்றேன். அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. அது உண்மையும்கூட. அதற்குப் பிறகு நிறுத்தத் தெரியவில்லை.

நீ சாப்பிட அடம் பிடிப்பாய், நான் ஒரு கட்டடம் சொல்வேன். காய்ச்சல் வந்தால் இரண்டு. காலண்டரில் இருந்த அத்தனை ஊரிலும் என் ப்ளேன் நின்றுவிட்டுப் போயிற்று! கோபுரத்தில் வழுக்கும் படிகளில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினதாகச் சொன்னேன். ஒருநாள் நீ, "மேல போயி இன்னா பண்ண?" என்று கேட்டாய். தையல் கோடு வரையத் தோல்மேல் குறி போடும் வெள்ளி மை பேனா அப்போது என் கையில் இருந்தது. "இந்தப் பேனாவால சுவத்துல உன் பேர எழுதிட்டு வந்தேன்" என்றேன். நீ எழுந்து நின்றுவிட்டாய். உன் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு வேண்டியிருந்தது. ஃபாக்டரியில் நாள் முழுக்கத் திட்டு வாங்கிவிட்டு வீட்டுக்கு வருகிறவளை ஒரு பிள்ளை அப்படிப் பார்த்தால் அதை விட மனசு வருமா? வர வேண்டும். எனக்கு வரவில்லை. இப்போது ரேவதி, "அத்தை, அங்கெல்லாம் எழுதக் கூடாது, ஃபைன் போட்டுடுவாங்க" என்று சிரிக்கிறாள். செய்யாத குற்றத்துக்கு அந்தப் பெண்ணிடம் தலையாட்டினேன், பார்.

இதோடு நின்றிருந்தால் ஒரு தாயின் அளப்பு என்று நீ மன்னித்துவிடலாம். அடுத்து எழுதப் போவதற்கு மன்னிப்புக் கேட்கவே எனக்குக் கூசுகிறது.

ஆறாம் வகுப்பில் உனக்கு ஒரு சோஷியல் வாத்தியார் இருந்தாரே, குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வருவார், சட்டைப்பையில் எப்போதும் மை கசிந்திருக்கும். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பாடம் எடுக்க மாட்டார். பழைய பத்திரிகைகளிலிருந்து உலகத்துக் கட்டடங்களையெல்லாம் வெட்டி ஒரு நீள நோட்டில் ஒட்டி வைத்திருப்பார், ஒவ்வொன்றாகக் காட்டுவார். உங்களை வேலூர் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சாய்ந்த கோபுரம் வந்தது. நீ எழுந்து, "எங்கம்மா இதுல ஏறியிருக்காங்க சார், மேல என் பேரு இருக்குது" என்றாய். "அப்படியா? கொஞ்ச வருஷம் முன்னாடி வரைக்கும் அத மூடி வெச்சிருந்தாங்களேப்பா. சாஞ்சு விழுந்துடும்னு யாரையும் ஏத்தல. அம்மா வெளிய நின்னு பாத்திருப்பாங்க" என்றார். எவ்வளவு பதமாகச் சொல்லியிருக்கிறார், பார். உன் மானத்தையும் காப்பாற்றி, என் மானத்தையும் காப்பாற்றி. ஆனால் பசங்கள் விடுவார்களா? கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உன் பின்னாலேயே தெருமுனை வரை நடந்து வந்தார்கள். நீ வீட்டுக்கு வந்து பையைத் தூக்கிப் போட்டு, "நீ ஏறுனியா இல்லியா, சொல்லு" என்று கேட்டாய்.

கடவுள் அதைவிட நல்ல சந்தர்ப்பம் கொடுக்க முடியாது. நான் என்ன செய்தேன்? மறுநாள் திங்கட்கிழமை போல அரை நாள் லீவு போட்டு, சூப்பர்வைசர் ஆனபோது கொடுத்த கோட்டைக்கூடக் கழற்றாமல், தெருவில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வகுப்பு வாசலில் நின்று கத்தினேன். "நீங்க போயி பாத்தீங்களா? பாத்தது நானு! குடியாத்தம் தாண்டிப் போனதுண்டா நீங்க? பேப்பர ஒட்டி வெச்சிக்கினு எம்புள்ளயப் பொய்யன்றீங்களா?" ஹெட்மாஸ்டர் ஓடி வந்தார். சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. அந்த மனுஷன் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, நாற்பது பிள்ளைகள் முன்னால் கையைக் கூப்பி, "தெரியாம சொல்லிட்டேம்மா, மன்னிச்சிக்கங்க" என்றார். என் நாக்கு கூசவில்லை. நீ என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தாய். வழியெல்லாம் என்னையே பார்த்தாய். அந்தப் பார்வைக்காக ஒரு நேர்மையான மனிதரைக் கும்பிட வைத்தேன். சீ!

(மேலே "மறுநாள் திங்கட்கிழமை போல" என்று எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கு மறுநாள் திங்கள் இல்லை. நடுவில் சனி, ஞாயிறு இரண்டு நாள் இருந்தன. ஆற அமர யோசிக்க எனக்கு இரண்டு நாள் இருந்தன, நைனா. கோபத்தில் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. அடிக்காமல் அப்படியே விட்டு வைக்கிறேன்.)

பிறகு நீ வளர்ந்தாய், சம்பாதித்தாய், லீவு சேர்த்துச் சேர்த்து ஊர் ஊராகப் போனாய். காலண்டர் ஊர்களாகத்தான் தேடிப் போனாய். புற்றுப் பாறை வீட்டுக்குள் நின்று போட்டோ அனுப்பி, "அம்மா, நீ சொன்ன அதே ஜன்னல்!" என்று எழுதினாய். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பினேன். ரோஸ் அரண்மனை இத்தாலியில் இருக்கிறது என்று நான் உளறி வைத்திருந்தேன். அது ஜோர்டானில் இருக்கிறது என்று தெரிந்ததும், "போற வழியில ப்ளேன் அங்க நின்னிருக்கும், உனக்குப் பேரு மறந்திருக்கும்" என்று நீயே எனக்காகச் சமாதானம் கண்டுபிடித்தாய். என் பொய் எங்கெல்லாம் கிழிந்ததோ அங்கெல்லாம் நீயே உட்கார்ந்து தைத்தாய். ஒரு பொங்கலுக்கு நாம் எல்லாரும் வேலூர் கோட்டைக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே கோயில் மண்டபத்துத் தூணில் குதிரைகள் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. உங்கப்பா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். நீ, "அம்மா பாத்ததுக்கு முன்னாடி இதெல்லாம் இன்னாப்பா" என்று சொல்லிவிட்டு அகழி ஓரமாகப் போய் நின்றாய். நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிற கல்லை, பார்க்காத ஊரின் பேரைச் சொல்லி உன் கண்ணுக்குச் சின்னதாக்கினவள் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் போனேன். உங்கப்பா பஸ் ஸ்டாண்ட் வரை வந்து ஏற்றிவிட்டார். வாத்தியார் ரிட்டயராகிப் பல வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டில் பவர்லூம் ஓடும் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். யார் என்று சொல்வதற்குள், "ஆம்பூர் அம்மாவா? வாங்க" என்றார். மறக்கவேயில்லை அவர்! லூம் சத்தத்துக்கு மேலே கத்தியே சொன்னேன். "சார், நான் அந்தக் கோபுரத்துக்குப் போகவே இல்ல சார். நீங்க சொன்னதுதான் நெஜம்." பக்கத்து வீட்டில் தறி ஓட்டுகிறவர்கூட எட்டிப் பார்த்தார். கேட்கட்டும் என்று இருந்தது.

அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு, "நீங்க அவ்ளோ உறுதியா சொன்னீங்களேம்மா. அப்ப நான்தான் தப்பாப் படிச்சுட்டேன் போலன்னு நெனச்சேன். நேர்ல பாக்காததப் பசங்களுக்குச் சொல்றது தப்புன்னு அன்னிக்கே விட்டுட்டேன்" என்றார். எனக்குப் புரியவில்லை. "எத சார் விட்டீங்க?" என்றேன். "அந்த வெள்ளிக்கிழமப் பீரியட. அப்புறம் வேற பாடம் எடுத்தேன்." அந்த நோட்டு எங்கே என்று கேட்டேன். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாராம். அதற்குப் பிறகு பதினாலு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறார். பதினாலு வருஷத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கடைசிப் பீரியட் கிடைக்கவில்லை, என் வாயால். காலில் விழப் போனேன். "அதெல்லாம் வேணாம்மா" என்று தள்ளிப் போய்விட்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்டு வாங்கிக்கொண்டு வரவில்லை. கிளம்பும்போது, "பையனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கோட்டைக்குக் கூட்டிக்கினு போனப்ப அவன் ஒருத்தன்தான் அந்தக் குதிரைத் தூண் எல்லாத்தையும் எண்ணினான். வரவே மாட்டேன்னு அடம் புடிச்சான். மொதல்ல அவன்கிட்ட சொல்லுங்க" என்றார்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அம்மா என்று ஒருத்தி இருந்துகொண்டு சும்மா இருக்க முடியவில்லை. உனக்குப் பிள்ளை பிறந்து, நீ போகாத ஊரைப் பற்றிக் கேட்டால் "எனக்குத் தெரியாதுடா, போகல" என்று சொல். அதன் முகம் சுருங்கும். சுருங்கட்டும், மறுநாளே சரியாகிவிடும். ரேவதி முன்னால் உன் மானம் போகிற மாதிரி ஒரு நாள் வந்தால் போகவிடு. அன்றைக்கு விட்டால் ஒருநாள் சிரிப்போடு போய்விடும். நான் அன்று பெரியமேட்டில் என் நாத்தனாரின் ஒரு சிரிப்புக்குப் பயந்தேன். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பயம் மட்டும் என்னோடு இருக்கிறது.

சனிக்கிழமை நீ வந்தால் நாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம். குடியாத்தம் போகலாம். நான் வாசலில் நிற்கிறேன், நீ மட்டும் உள்ளே போ. அவரிடம் அந்தக் கட்டடங்களின் போட்டோவெல்லாம் உன் போனிலிருந்து காட்டு. நீ நேரில் பார்த்தவை, பொய் கலக்காதவை. அதற்குப் பிறகும் மூன்றாவது டிக்கெட்டில் என் பேர் இருக்க வேண்டுமா என்று நீயே முடிவு செய். எடுத்துவிட்டாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும். அந்தக் கோபுரத்தின் உச்சிக்குப் போனதும் நீ சுவரைத் தடவிப் பார்ப்பாய், வெள்ளி எழுத்து கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா என்று குனிந்து தேடுவாய். ரேவதியையும் தேடச் சொல்வாய். தேடாதே, நைனா. அங்கே உன் பேர் இல்லை.

பாஸ்போர்ட்டை இந்தக் கடிதத்தோடு வைத்து கூரியரில் அனுப்புகிறேன். முதல் பக்கத்தில் என் போட்டோ இருக்கும், அதற்குப் பிறகு ஒரு முத்திரைகூட இல்லை. கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார். பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் போடு. திட்டுவதற்காகவாவது போடு.

அம்மா